இரைச்சலென்று கழிக்கப்பட்ட குரல்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களே,

உங்கள் மேசையில் கிடக்கும் தடித்த நடைமுறைக் கையேட்டில் பாதியை எழுதியவள் நான். மீதிப் பாதியை எழுதியவர்களின் பிழைகளைத் திருத்தியவளும் நானே. கணினி வழியாகப் பேசும்போது குரல் கேட்கவில்லை என்று ஒருவர் புகார் சொன்னால் முதலில் எதைப் பார்க்க வேண்டும், அடுத்து எதை என்று அதில் வரிசையாக இருக்கும். நல்ல வரிசைதான். பெரும்பாலான புகார்கள் முதல் பக்கத்தைத் தாண்டுவதில்லை. மைக்கை அணைத்துவிட்டுக் கூட்டம் முழுக்க உரையாற்றியவர்களை நீங்களும் சந்திப்பீர்கள். ஆவடியில் ஒருவர், தான் பேசுவது தனக்கே இரண்டாம் முறை கேட்கிறது என்று பதறினார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், அதே கூட்டத்தில் அவருடைய மனைவி பக்கத்து அறையில் ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இருவருக்கும் ஒரே அலுவலகம். அன்று காலையிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை என்பதால் ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்தினேன், எதிரொலி நின்றது. மற்றதைச் சரிசெய்வது நம் ஒப்பந்தத்தில் இல்லை.

நான் சொல்ல வந்தது இந்த மாதிரிப் புகாரைப் பற்றியல்ல. கையேட்டிலுள்ள அத்தனை சோதனைகளிலும் முதல் வகுப்பில் தேறிவிட்டு, அப்போதும் கேட்காமலே போன ஒரு குரலைப் பற்றி.

அம்பத்தூரில் நம் அலுவலகம் அப்போதும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. சிறிய பட்டறைகளுக்கும் கம்பெனிகளுக்கும் கணினி, ஹெட்செட், பேசுவதற்கான மென்பொருள் எல்லாம் அமைத்துக் கொடுத்துப் பராமரிப்பது. புகார்ப் பிரிவுக்கு நான் தலைவி. ஒரு நாள் காலை பூந்தமல்லியிலிருந்து பத்மாவதி என்ற அம்மாள் கூப்பிட்டார். தகட்டை வெட்டி மடித்து வண்டிப் பாகங்கள் செய்யும் பிரஸ் ஷாப்பின் முதலாளி.

“மேடம், ரெண்டு வாட்டி ஆள் அனுப்பினீங்க. ரெண்டு பேரும் வந்தாங்க, ‘நல்லா கேக்குது’ன்னு சொல்லி கையெழுத்து வாங்கிக்கினு போயிட்டாங்க. அவங்களுக்குக் கேக்குது, சந்தோசம். என் கஸ்டமருக்குக் கேக்கலியே?”

“எதிர்முனையில் என்ன கேட்கிறது என்று சொன்னார்களா?” என்றேன்.

“ஓசூர் கஸ்டமரு ஒண்ணு சொன்னாரு. யாரோ பேச வாயெடுத்துட்டு, ‘சரி வேணாம்’னு வுட்டுட்ட மாதிரி கீதாம். அப்புறம் ஒண்ணுமே இல்லியாம்.”

இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள். புகார் சொல்பவர்கள் நம் பாஷையில் சொல்ல மாட்டார்கள். அவர்கள் பாஷையில் சொல்வதில்தான் விஷயம் இருக்கும். நம் ஆட்கள் இருவரும் இதைக் கேட்டுவிட்டு ‘குரல் கேட்கவில்லை’ என்று படிவத்துக்கு ஏற்றபடி சுருக்கி எழுதியிருந்தார்கள். நல்ல கையெழுத்து.

மூன்றாம் முறை நானே கிளம்பினேன். கூடவே சுதாகரையும் அழைத்துக்கொண்டேன். இரண்டாவதாகப் போய்ப் புகாரை முடித்து வைத்தவன் அவன். பூந்தமல்லிச் சாலையில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே வண்டி ஊர்ந்த நேரமெல்லாம், ஹெட்செட்டில் குறையே இல்லை என்று எனக்கு நிரூபித்துக்கொண்டே வந்தான். நிரூபணம் கச்சிதமாக இருந்தது.

பட்டறைக்குள் நுழைந்ததும் தரை வழியாகவே சத்தம் காலில் ஏறியது. பிரஸ்கள் வரிசையாக இடித்துக்கொண்டிருந்தன. ஓரத்தில் பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேசை, இரண்டு திரைகள். அங்கேதான் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். கோவில்பதாகையிலிருந்து வருபவர், ஐம்பதைத் தாண்டியவர், பிரஸ் ஓட்டுநராகச் சேர்ந்து இந்த மேசைக்கு வந்தவர். வாடிக்கையாளர் அனுப்பும் வரைபடத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, இது வரும், இது வராது, இங்கே கிழியும், இங்கே கோணும் என்று அவர்களிடம் பேசுவது அவர் வேலை. பட்டறைக்கு வரும் புது வேலைகள் அந்தப் பேச்சில்தான் முடிவாகும்.

அவர் எங்களைப் பார்த்து எழுந்தார். மேசையிலிருந்து டார்ச் விளக்குப் போன்ற ஒன்றை எடுத்துக் கழுத்தில் வைத்து அழுத்தினார். “வாங்கம்மா” என்றது ஒரு குரல். ஏற்ற இறக்கமே இல்லாமல், ஒரே சுருதியில், உள்ளே சின்ன மோட்டார் ஓடுவது போன்ற ரீங்காரத்தோடு. தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அந்தக் கருவி கழுத்தில் அதிர்வைக் கொடுக்க, வாயும் நாக்கும் அதைச் சொல்லாக்குகின்றன. பழகிய காதுக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும். எனக்கு முதல் வாக்கியம் பிடிபடவில்லை, இரண்டாவது புரிந்தது.

சுதாகரைத் திரும்பிப் பார்த்தேன். “இதை ஏன் நீ எழுதவில்லை?”

“அது ஹெட்செட் பிரச்சினை இல்லீங்களே மேடம்” என்றான்.

பத்மாவதி வந்தார். என்னைச் சற்று ஒதுக்குப்புறமாக அழைத்தாலும், பிரஸ் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. ஆகவே ரகசியம் எல்லோருக்கும் கேட்டது.

“ஆபரேசன் முடிஞ்சி வந்ததுலேர்ந்து இப்டித்தான் மேடம். நேர்ல பேசினா புரியுது. கம்பூட்டர்ல போனா ஆளே இல்ல. இன்னிக்கு மத்தியானம் ஓசூர்க்காரரு புது வேலைக்கு வரைபடம் காட்ட கம்பூட்டர் லைன்ல வராரு. இன்னிக்கும் கேக்கலன்னா நாளைலேர்ந்து என் அக்கா பையன அந்த சீட்டுல ஒக்கார வெச்சிட்டு, இவர ஸ்டோருக்கு அனுப்பணும். சம்பளத்துல கை வெக்க மாட்டேன். ஆனா வேற வழி இல்ல.”

ஏகாம்பரம் கருவியைக் கழுத்தில் வைத்தார். “ஸ்டோர்ல போல்ட்டு நட்டு எண்ணிக்கினு ஒக்காந்தா நான் செத்துடுவேன் முதலாளி. வூட்டுக்கே போயிடறேன்.”

“பாத்தீங்களா, எனக்கு மட்டும் நல்லா கேக்குது” என்றார் பத்மாவதி.

கைபேசியில் பேசினால் என்ன என்று கேட்டான் சுதாகர். ஏகாம்பரம் ஒரு கையால் கழுத்துக் கருவியையும் மறு கையால் மவுஸையும் பிடித்துக் காட்டிவிட்டு, போனை எதால் பிடிப்பது என்பது போல் அவனைப் பார்த்தார். தட்டச்சு செய்து பார்த்தாராம். அவர் ஒரு வரி அடித்து முடிப்பதற்குள் அந்தப் பக்கம் அடுத்த வரைபடத்துக்குப் போய்விடுகிறார்கள்.

சுதாகர் ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். மடிக்கணினியை முதலாளியின் கண்ணாடி அறையில் வைத்து, அழைப்பு போட்டு, என்னை அங்கே உட்கார வைத்தான். பிறகு பலகைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து அவன் குரல் மடிக்கணினியில் மணி போல் வந்தது. “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ.”

பிரஸ்கள் இடிப்பது துளிகூட அதில் இல்லை. இரைச்சலையெல்லாம் வடிகட்டிவிட்டு மனிதக் குரலை மட்டும் மென்பொருள் அனுப்பியது. விளம்பரத்தில் காட்டலாம்.

நான் திரும்பிப் போய், “இப்போது நீ உள்ளே போ. இவர் பேசட்டும்” என்றேன்.

இங்கேதான், இளைஞர்களே, நம் தொழிலுக்கே உரிய ஒரு மூடத்தனம் இருக்கிறது. புகார் ஒருவருடையது, சோதனை மட்டும் நம்முடைய குரலில். அவருடைய ஹெட்செட்டைக் கழற்றி நாம் மாட்டிக்கொள்வோம், ஒன் டூ த்ரீ சொல்வோம், கேட்கும், கையெழுத்து வாங்குவோம். வேறு எந்தத் தொழிலிலும் இது நடக்காது. செருப்பு கடிக்கிறது என்று வந்தவனிடமிருந்து அதை வாங்கித் தன் காலில் போட்டுப் பார்த்து, ‘எனக்குக் கடிக்கவில்லையே’ என்று திருப்பிக் கொடுக்கும் தொழிலாளி ஒருவரும் இல்லை.

ஏகாம்பரம் பேசினார். திரையில் ஒலியளவைக் காட்டும் பச்சைப் பட்டை துள்ளியது. மைக் வாங்குகிறது. பேசுவதைக் கணினியிலேயே பதிவு செய்து போட்டுப் பார்த்தேன். சொல் சொல்லாகக் கேட்டது. ஆக, மைக்கும் நன்று, கம்பியும் நன்று, கணினியும் நன்று. கண்ணாடிக்குப் பின்னால் சுதாகர் உதட்டைப் பிதுக்கினான். எழுந்து வந்து சொன்னான்:

“‘வ’ன்னு ஒரு எழுத்து வருது மேடம். அப்புறம் சுத்தமா ஆஃப்.”

வாயெடுத்துட்டு வேணாம்னு வுட்டுட்ட மாதிரி. ஓசூர்க்காரர் இதைவிடத் துல்லியமாகச் சொல்லியிருக்க முடியாது. முதல் எழுத்து போகிறது. அதற்குள் மென்பொருள் விழித்துக்கொள்கிறது. ஒரே சுருதி, இடைவிடாத ரீங்காரம், மோட்டார் சாயல். இது மின்விசிறி அல்லது டிரில்லிங் மிஷின், மனிதன் இல்லை என்று தீர்மானித்துத் துடைத்துவிடுகிறது. அதன் மேல் எனக்குக் கோபமில்லை. மனிதக் குரல் எப்படி இருக்கும் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தவர்கள், ஏகாம்பரம் மாதிரி ஒருவரை அதற்கு அறிமுகப்படுத்தவில்லை.

இரைச்சல் நீக்கும் வசதியை மென்பொருளில் அணைத்தேன். கணினியின் ஒலி அமைப்பிலும் ஒன்று ஒளிந்திருக்கும், அதையும் அணைத்தேன். ஏகாம்பரத்தைப் பேசச் சொன்னேன். கண்ணாடி அறைக் கதவு படாரென்று திறந்தது.

“மேடம், சார் வந்துட்டாரு!” என்று கத்தினான் சுதாகர். அடுத்த நொடியே, “கூடவே பட்டறையும் வந்துட்சி.”

நானே போய்க் கேட்டேன். ஏகாம்பரத்தின் குரல் இருந்தது, இடிக்கும் பிரஸ்களுக்கு அடியில், ரயில் போகும்போது நடைமேடையில் ஒருவர் பேசுவது போல. வடிகட்டியைப் பாதி அளவில் வைத்தேன். பிரஸ் பாதி குறைந்தது, ஏகாம்பரம் முழுதாக மறைந்தார். வடிகட்டியை மறுபடி முழுதாக அணைத்தேன். இந்தக் கட்டத்துக்கு நம் கையேட்டில் பக்கம் கிடையாது. அழைப்புக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஓசூர்க்காரர் இணைந்துவிட்டதற்கான மணி எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம்.

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துப் பார்த்தோம். தரை அதிர்வு மேசை வழியாக மைக்கில் ஏறியது. வாசலுக்குப் போகலாம் என்றால் அங்கே மெட்ரோக்காரர்கள் பாறையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பேசலாமே என்றான் சுதாகர். தொழில்நுட்பப்படி நல்ல யோசனை. நான் தலையாட்டப் போனேன். ஏகாம்பரம் கருவியைக் கழுத்துக்குக் கொண்டு போனார்.

“இன்னா தம்பி, கார்ல ஒளிஞ்சிகினு பேசறதுக்கு நான் இன்னா கொலகாரனா? இது என் சீட்டு. இங்கேர்ந்து பேசறேன், இல்லாங்காட்டி வுடு.”

பிடிவாதம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அது வேலைக்கான நிபந்தனையாகவே பட்டது. இன்று காரில் பேசினால் நாளை மேசை அக்கா மகனுக்குப் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். நமக்குக் கொடுக்கப்பட்ட கணக்கு ‘இவர் குரலை எப்படியாவது ஓசூருக்கு அனுப்பு’ என்பதல்ல. ‘இவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பேச வேண்டும்’ என்பது. இரண்டும் வேறு.

வாடிக்கையாளரின் உற்பத்தியில் நம் ஊழியர் எக்காரணம் கொண்டும் தலையிடக் கூடாது என்று கையேட்டில் தடித்த எழுத்தில் ஒரு விதி இருக்கிறது. எழுதியவள் யாரென்று கேட்க வேண்டாம்.

“அம்மா, இங்கே டீ எப்போது?” என்று கேட்டேன்.

பத்மாவதிக்கு உடனே புரிந்தது. பிரஸ்களைப் பார்த்தார், கட்டிவைத்த சரக்கைப் பார்த்தார், அதை ஏற்றிப்போக வாசலில் நின்ற லாரியைப் பார்த்தார். “டீக்கு இன்னும் நேரம் கீது மேடம். லாரிக்காரன் கத்துவான். இப்ப நிறுத்தச் சொன்னா...” என்று இழுத்தார்.

பக்கத்துப் பிரஸ்ஸில் நின்ற மூர்த்தி என்பவர் இத்தனையையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பெடலிலிருந்து காலை எடுத்தார்.

“டீ டைம முன்னாடி இஸ்துகினா போச்சி. இதுக்கு இன்னா மீட்டிங்கு?”

“டீயே வரலியே மாமே” என்றார் பின்வரிசைக்காரர்.

“வந்தாத்தான் குடிப்பியா? காலி கிளாஸ வெச்சிகினு ஒக்காரு. லாரிக்காரன நான் பாத்துக்கறேன்.”

பத்மாவதி கையை உயர்த்தி, “டீ!” என்றார்.

ஒவ்வொன்றாகப் பிரஸ்கள் நின்றன. கடைசியாகக் காற்று அழுத்தும் மோட்டார் பெருமூச்சு விட்டு அடங்கியது. அந்த இடத்தில் அத்தனை அமைதியை அவர்களே கேட்டதில்லை போலிருக்கிறது, தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். காலி கண்ணாடித் தம்ளர்களோடு தகட்டுக் கட்டுகளின் மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். மணி அடித்தது. ஓசூர்.

“வணக்கம். யாராவது இருக்கீங்களா?” என்றது எதிர்முனை. பழைய அனுபவத்தில் ஏற்கெனவே சலித்துப்போன குரல்.

ஏகாம்பரம் கருவியை அழுத்தினார். “வணக்கம் சார். ஏகாம்பரம் பேசறேன்.”

பதில் இல்லை.

பத்மாவதி என்னைப் பார்த்தார். மூர்த்தி தம்ளரைக் கீழே வைத்தார். ஏகாம்பரத்தின் கை கழுத்திலிருந்து மெல்ல இறங்கியது. சுதாகர் மவுஸை நோக்கிப் பாய்ந்தான், அமைப்பை மறுபடி மாற்ற. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

என் பணிக்காலத்தில் நான் செய்த வேலைகளிலேயே பெரியது எது என்று கேட்டால், அந்தக் கையைப் பிடித்ததுதான். செத்துப்போன இணைப்பின் மௌனம் வேறு, ஆள் இருந்தும் பேசாத மௌனம் வேறு. முன்னதில் ஒன்றுமே இருக்காது. பின்னதில் அந்த அறை இருக்கும். காதுகளைத் தீட்டிக் கேட்டால் ஸ்பீக்கரில் ஒரு மின்விசிறி சுற்றுவது கேட்டது. ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. இணைப்பு உயிரோடு இருந்தது. அந்தப் பக்கம் இருந்த மனிதர்தான் திகைத்துப்போயிருந்தார். அந்த நேரத்தில் மவுஸைத் தொட்டிருந்தால், வந்த குரலை நாமே திருப்பித் துரத்தியிருப்போம்.

ஏகாம்பரத்திடம் கையைக் காட்டினேன்: இன்னொரு முறை.

“சார், ஆபரேசன் ஆயிட்சி. குரலு மாறிட்சி. ஆளு அதே ஆளுதான்.”

“ஏகாம்பரம் சாரா?” என்றது ஓசூர். “நீங்களா? இத்தனை நாளா லைன்ல யாருமே இல்லன்னு நெனச்சுட்டு இருந்தேன் சார். நீங்க பேசிட்டுதான் இருந்தீங்களா?”

“நான் பேசிக்கினேதான் இருந்தேன்.”

ஸ்பீக்கரில் மறுபடி அந்த மின்விசிறி மட்டும் சுற்றியது. இந்த முறை யாரும் மவுஸைப் பார்க்கவில்லை.

“சரி சார், வரைபடம் போடறேன்” என்றார் ஓசூர்க்காரர். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. திரையில் ஒரு தாங்கியின் படம் விரிந்தது. ஏகாம்பரம் அதை மேலும் கீழும் நகர்த்தினார். முகமே மாறிவிட்டது. அனுதாபத்துக்கெல்லாம் அங்கே இடமில்லை.

“சார், இந்த ஓட்ட மடிப்புக்கு ரொம்ப கிட்ட கீது. மடிச்சா ரவுண்டு இஸ்துகினு முட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் போல்ட்டு போவலன்னு எங்களத்தான் திட்டுவீங்க.”

“டிசைன்ல அப்படித்தானே கொடுத்திருக்காங்க சார்.”

“டிசைன் குடுத்தவரு தகட்ட மடிச்சிக்கீறாரா?”

தகட்டுக் கட்டுகளின் மேல் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஓசூர்க்காரர் விடவில்லை, எதிர்வாதம் செய்தார். ஏகாம்பரம் திருப்பிச் செய்தார். ஏற்ற இறக்கம் இல்லாத அந்தக் குரலில் அவர் எப்படிக் கிண்டல் செய்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை, ஆனால் செய்தார். இந்த நேரம் பார்த்துத் தூக்குச் சட்டியும் கையுமாக டீக்காரர் வாசலில் தோன்றி, “டீயேய்...” என்று தொடங்க, பட்டறையே சேர்ந்து அவரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தது. டீக்காரர் பாவம், யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டார்.

ஓட்டையைத் தள்ளி வைத்துப் புது வரைபடம் அனுப்புவதாக ஓசூர்க்காரர் ஒப்புக்கொண்டார். “இனிமே உங்ககிட்ட காட்டாம எதையும் அனுப்பறதில்ல சார்” என்றார். இணைப்பு முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. மூர்த்தி டீயை வாங்கி முதல் தம்ளரை ஏகாம்பரத்தின் மேசையில் வைத்தார்.

“இன்னா அண்ணாத்தே, தெனமும் மத்தியானம் ஒரு காலு போடு. எங்களுக்கும் காலு வலிக்குதுல்ல.”

பத்மாவதி தன் அக்கா மகனுக்குப் போன் செய்து, மெதுவாக வந்தால் போதும், ஸ்டோரில் வேலை இருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் சாதாரணம். வாய்க்கு அருகே, கழுத்துக் கருவிக்கு எதிர்ப்பக்கமாக ஒட்டி நிற்கும் மைக் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். மேசைக்கு அடியில் ரப்பர் விரித்தோம். பலகைத் தடுப்புக்குள் பழைய மெத்தைகளை அடித்தோம். சாதாரண அழைப்புகள் பிரஸ் ஓடும்போதே நடந்தன. முக்கியமானவை மட்டும் டீ நேரத்தில் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். ஓசூரில் அந்த நேரத்தில் அவர்களும் டீ குடிக்கத் தொடங்கியதாகக் கேள்வி.

நம் கையேட்டில் இப்போது ஒரு வரி இருக்கிறது: ‘சோதனையின்போது புகார் கொடுத்தவரே பேச வேண்டும், ஊழியர் வாய் திறக்கக் கூடாது.’ பல மேலதிகாரிகளின் மேசைகளைச் சுற்றிவிட்டு வந்த வரி அது. ‘வாய் திறக்கக் கூடாது’ என்பது மரியாதையாக இல்லை, ‘அமைதி காக்கலாம்’ என்று மாற்றுங்கள் என்றார்கள். நான் மாற்றவில்லை. நீங்கள் அங்கே போய் ஒன் டூ த்ரீ சொல்லத் துடிக்கும்போது மரியாதையான வாக்கியம் எதுவும் உங்களைத் தடுக்காது.

ஓய்வு பெற்ற பிறகு, போன மாதம் ஒரு மத்தியானம், மைக் இன்னும் நன்றாக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஏகாம்பரத்தைக் கணினியில் அழைத்தேன். எடுத்தார். தெளிவாகக் கேட்டது. பின்னணியில் பிரஸ் சத்தம் இல்லை, தம்ளர் சத்தம் மட்டும். நலம் விசாரித்துவிட்டு, இப்போது வரும் புதிய மென்பொருள்களில் குரலைக் கையாளும் முறை எப்படி மாறியிருக்கிறது என்று விளக்கத் தொடங்கினேன். எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீண்டுவிட்டது.

“அம்மா, ஓசூரு லைன்ல வெயிட் பண்றாங்க. டீ டைம் முடியப் போவுது. அப்புறம் பேசுங்க” என்றார்.

நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

பேச வாயெடுத்துவிட்டு, சரி வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவருக்கு வேலை இருந்தது.